ஒரு காரணத்திற்குக் கொடுத்ததை மறு காரணத்திற்கு எடுக்கலாமா?



செயற்கை நுண்ணறிவைப் பற்றிய பேச்சு இப்போது ஆசிரியர் அறையிலும் நடக்கிறது. ஈசூன் காப்பிக் கடையிலும் நடக்கிறது. அது வேலைகளைப் பறித்துவிடுமா, பிள்ளைகளைச் சோம்பேறிகளாக்கிவிடுமா என்ற கேள்விகளே பெரும்பாலும் எழுகின்றன. அவற்றைவிட அடிப்படையான கேள்வி ஒன்று கேட்பாரின்றி ஓரமாக நிற்கிறது என்பது என் எண்ணம். ஒரு காரணத்தைச் சொல்லி நம்மிடமிருந்து பெற்ற தகவலை, வேறொரு காரணத்திற்குப் பயன்படுத்தலாமா என்பதே அக்கேள்வி.

நம் மொழியில் ‘அடைக்கலப் பொருள்’ என்றொரு நல்ல சொல் உண்டு. ஊருக்குப் போகும் அண்டை வீட்டார் தம் நகையை நம்மிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். அதை விற்றால் குற்றம் என்பது எல்லாருக்கும் தெரியும். விற்காமல், அணிந்துகொண்டு ஒரு திருமணத்திற்குப் போய்வந்தால்? நகை குறையவில்லை, தேயவில்லை. ஆயினும் தவறு தவறுதான். அவர் கொடுத்த காரணம் வேறு. நாம் எடுத்துக்கொண்ட பயன் வேறு. தனிநபர் தரவு பற்றிய சட்டங்கள் அனைத்திற்கும் அடியில் இந்த எளிய நியாயமே இருக்கிறது.

சிங்கப்பூரில் வாழும் நாம் இக்கேள்வியை ஒரு முறை நேருக்கு நேர் சந்தித்திருக்கிறோம். 2020 மார்ச் மாதம் ‘டிரேஸ்டுகெதர்’ செயலி அறிமுகமானது. அருகருகே இருக்கும் கைப்பேசிகள் புளூடூத் வழியாக ஒன்றையொன்று குறித்துக்கொள்ளும். அக்குறிப்பு 25 நாள் மட்டுமே கைப்பேசியில் இருக்கும். ஒருவருக்குக் கொவிட்-19 தொற்று உறுதியானால், அவர் யார் யாருக்கு அருகில் இருந்தார் என்பதை அறிய அது உதவும். பின்னர், கைப்பேசி இல்லாத முதியோருக்காகச் சிறு கருவியும் வந்தது. கழுத்தில் அக்கருவியைத் தொங்கவிட்டபடி சோங் பாங் சந்தைக்கு வந்த பாட்டிமார்களை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். நோய்த்தொடர்பைக் கண்டறிவதற்கு மட்டுமே இத்தரவு பயன்படும் என்று அப்போது சொல்லப்பட்டது. அந்தச் சொல்லை நம்பித்தான் மக்கள் சேர்ந்தனர். 2021 தொடக்கத்திற்குள் மக்களில் 78 விழுக்காட்டினர் அதில் இணைந்திருந்தனர்.

2021 ஜனவரி 4ஆம் தேதி நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினரின் கேள்விக்கு விடையளித்த உள்துறைத் துணையமைச்சர் டெஸ்மண்ட் டான், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ்க் காவல்துறை இத்தரவையும் பெற முடியும் என்று தெரிவித்தார். மறுநாள், அறிவார்ந்த தேச முயற்சிக்குப் பொறுப்பேற்றிருந்த அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன், தாம் முன்பு உறுதியளித்தபோது அச்சட்டத்தைக் கருத்தில் கொள்ளவில்லை என்று சொன்னார். ஒரு கொலை வழக்கின் விசாரணையில் தரவு கோரப்பட்டது என்பதும் வெளிவந்தது.

கொலைகாரனைப் பிடிக்கத்தானே கேட்டார்கள், அதில் என்ன பிழை என்று அப்போது பலர் கேட்டனர். நியாயமான கேள்விதான். ஆனால் மக்களின் மனக்குறை கொலை வழக்கைப் பற்றியதன்று. ‘இதற்கு மட்டும்’ என்ற சொல் மாறிப்போனதே அவர்களை உறுத்தியது. அரசாங்கம் அதைப் புரிந்துகொண்டது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு மாதத்திற்குள், 2021 பிப்ரவரி 2ஆம் தேதி, புதிய சட்டத்திருத்தம் நிறைவேறியது. பயங்கரவாதம், கொலை, கடுமையான பாலியல் குற்றம், ஆள்கடத்தல் உள்ளிட்ட ஏழு வகைக் குற்றங்களைத் தவிர வேறெதற்கும் காவல்துறை அத்தரவைத் தொடக்கூடாது என்று வரையறுக்கப்பட்டது. மீறுவோருக்கு 20,000 வெள்ளி வரை அபராதம், ஈராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 2023 பிப்ரவரியில் அத்திட்டத்தின் தேவை முடிவுக்கு வந்தபோது, அந்தக் கொலை வழக்கிற்கு உரியதைத் தவிர மற்றத் தரவு அழிக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியில் மூன்று படிகள் உள்ளன. முதலில் ஒரு வாக்கு கொடுக்கப்பட்டது. அவ்வாக்கில் விரிசல் கண்டபோது சட்டம் அதைக் கட்டியது. இறுதியில் தரவு அழிக்கப்பட்டது. மூன்றாம் படியே நமக்கு உண்மையான ஆறுதல். சேர்த்ததை அழிக்க முடிந்தது! செயற்கை நுண்ணறிவு வந்தபின் ஆட்டங்காணும் படியும் அதுவே. என் அச்சம் அதைப் பற்றியது.

சற்று விளக்குகிறேன். வகுப்புப் பதிவேட்டில் ஒரு மாணவரின் பெயரை நீக்க வேண்டுமானால் அந்த வரியை அடித்துவிடலாம். மருத்துவமனைக் கணினியிலும் அவ்வாறே. தகவல் ஓர் இடத்தில் இருக்கிறது. அந்த இடத்தைத் துடைத்தால் போய்விடும். பெரிய மொழி மாதிரிகள் அவ்வாறு இயங்குவதில்லை. அவை கோடிக்கணக்கான வாக்கியங்களைப் படிக்கின்றன. ஒவ்வொன்றையும் படிக்கும்போது தமக்குள் இருக்கும் பல நூறு கோடி எண்களைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்கின்றன. ஒரு பிள்ளையின் வாக்கியம் எங்கே இருக்கிறது என்று சுட்டிக்காட்ட அங்கே ஒரு பக்கம் இல்லை, ஒரு வரி இல்லை. தோசை மாவில் கரைந்த உப்பைத் திரும்ப எடுக்க முடியுமா? கற்றதை மறக்கச் செய்யும் வழிகளை ஆய்வாளர்கள் தேடிவருகிறார்கள். பதிவேட்டில் ஒரு வரியை அடிப்பதுபோல் அது எளிதாகிவிடவில்லை.

கரைந்த உப்பு தெரியாதே, பிறகென்ன என்று கேட்கலாம். சில நேரங்களில் அது கட்டியாகவே வெளியே வருகிறது என்பதுதான் சிக்கல். 2020ஆம் ஆண்டின் இறுதியில் கூகுள் உள்ளிட்ட நிறுவனங்களையும் பல்கலைக்கழகங்களையும் சேர்ந்த ஆய்வாளர்கள், ‘ஜிபிடி-2’ என்ற மொழி மாதிரியிடம் திரும்பத் திரும்ப வினவி, அது படித்த பகுதிகளைச் சொல்லுக்குச் சொல் வெளியே எடுத்துக் காட்டினர். அவற்றுள் தனிமனிதர்களின் பெயர்களும் தொலைபேசி எண்களும் மின்னஞ்சல் முகவரிகளும் இருந்தன.

பிள்ளைகளின் தரவு தொடர்பில் அமெரிக்காவில் நடந்த இரண்டு வழக்குகள் நம் கவனத்திற்குரியவை. எட்டு வயது முதலான பிள்ளைகளின் உடல் எடைக்காக நடத்தப்பட்ட ‘குர்போ’ என்ற செயலி, பெற்றோரின் ஒப்புதலின்றித் தகவல் சேர்த்ததாக அந்நாட்டுக் கூட்டரசு வர்த்தக ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2022 மார்ச்சில் எட்டிய உடன்பாட்டின்படி அந்நிறுவனம் 15 லட்சம் டாலர் அபராதம் கட்டியதோடு, தரவை அழிக்க வேண்டியதாயிற்று. அத்தரவைக் கொண்டு உருவாக்கிய கணினி நெறிமுறைகளையும் சேர்த்து அழிக்க வேண்டியதாயிற்று. உப்பை எடுக்க முடியாததால் மாவையே கொட்டச் சொன்னார்கள்! 2023 மே மாதத்தில் அமேசான் நிறுவனத்தின் ‘அலெக்சா’ மீதும் நடவடிக்கை வந்தது. பிள்ளைகளின் குரற்பதிவுகளைக் காலவரையின்றி வைத்திருந்ததாகவும், குரலை அறியும் தன் மென்பொருளைச் செம்மைப்படுத்த அவற்றைப் பயன்படுத்தியதாகவும் குற்றச்சாட்டு. இரண்டரைக் கோடி டாலர் கட்டி அவ்வழக்கு முடிக்கப்பட்டது.

இனி நம் ஊருக்கு வருவோம். இங்கே தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டது. அதன் முதன்மை விதிகள் 2014 ஜூலையில் நடப்புக்கு வந்தன. சொன்ன காரணத்திற்கு மட்டுமே தகவலைப் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் முதுகெலும்பு. 2020ஆம் ஆண்டின் திருத்தத்தில் சில விதிவிலக்குகள் சேர்க்கப்பட்டன. அவற்றுள் ஒன்று ‘வணிக மேம்பாடு’. ஒரு நிறுவனம் தன் பொருளையோ சேவையையோ மேம்படுத்துவதற்காக, தன்னிடமுள்ள தரவைச் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, மீண்டும் ஒப்புதல் கேட்காமலேயே பயன்படுத்தலாம். செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிப்பதற்கும் இவ்விதிவிலக்கு பொருந்தக்கூடும் என்பதை 2024 மார்ச்சில் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டி விளக்குகிறது. அதே மாதத்தில் பிள்ளைகளின் தரவைப் பற்றியும் ஒரு வழிகாட்டி வந்தது. 13 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குப் பெற்றோரின் ஒப்புதல் தேவை என்கிறது அது. அதாவது, நான் பாடம் நடத்தும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் ஏறத்தாழ அனைவரும் தாமாக ஒப்புதல் தர இயலாதவர்கள்.

வணிக நிறுவனங்கள் புதியவற்றை உருவாக்கத்தான் வேண்டும். அதற்கு ஓரளவு தளர்வு தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அத்தளர்வு ஒரு பெரியவரின் கடைப்பற்றுச் சீட்டிற்கும் ஒரு சிறுமியின் குரலுக்கும் ஒரே அளவில் பொருந்தலாமா?

சென்ற ஆண்டு தாய் ஒருவர் என்னைக் கேட்டார். வாய்மொழித் தேர்வுக்குப் பயிற்சி தரும் ஒரு செயலியை அவர் மகளுக்காகப் பணம் கட்டி வாங்கியிருந்தார். பிள்ளை படத்தைப் பார்த்துத் தமிழில் பேச வேண்டும். செயலி மதிப்பெண் போடும். “டீச்சர், இவள் பேசுவதெல்லாம் அங்கேயே இருந்துவிடுமா?” என்றார். இருவரும் அமர்ந்து அதன் நிபந்தனைகளைப் படித்தோம். பல பக்கங்கள். அவ்வளவு பக்கங்களிலும் எங்கள் கேள்விக்குக் கிடைத்த விடை ‘எங்கள் சேவையை மேம்படுத்த’ என்ற மூன்று சொற்கள்தாம். எத்தனை நாள் வைத்திருப்பார்கள், இயந்திரத்திற்குப் பயிற்சியளிக்க எடுப்பார்களா, கணக்கை மூடினால் என்ன ஆகும் என்று எதுவும் இல்லை. அத்தாய் அதிகம் படித்தவரல்லர். ஆனால் அவர் கேட்டதுதான் சட்டம் கேட்க வேண்டிய கேள்வி.

தமிழாசிரியர்களாகிய நம் பக்கமும் பார்க்க வேண்டும். கட்டுரை திருத்துவது எவ்வளவு பெரிய சுமை என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. முப்பது கட்டுரைகளை ஒரு செயலியில் ஒட்டினால், அரை மணி நேரத்தில் பிழைகளைச் சுட்டிவிடும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால், தொடக்கநிலை நான்கில் படிக்கும் பிள்ளை ‘என் குடும்பம்’ என்ற தலைப்பில் எழுதுவது வெறும் மொழிப்பயிற்சியன்று. அப்பாவுக்கு வேலை போனது, அம்மா அழுதது, அண்ணன் மருத்துவமனையில் இருப்பது, தாத்தாவும் அப்பாவும் பேசிக்கொள்ளாதது எல்லாம் அதில் வரும். பிள்ளைகள் ஒளித்து எழுதத் தெரியாதவர்கள். ‘ஆசிரியர் படிப்பார்’ என்ற ஒரே நம்பிக்கையில் அவர்கள் அதை எழுதுகிறார்கள். இதைவிடத் தூய்மையான அடைக்கலப் பொருள் வேறு உண்டா?

பெயரை நீக்கிவிட்டுக் கொடுத்தால் போதுமே என்று சிலர் சொல்கிறார்கள். ஆயிரம் பேர் படிக்கும் ஒரு பாடத்திற்கு அது ஓரளவு பொருந்தலாம். நம் நிலை அதுவன்று. சில பள்ளிகளில் ஒரு நிலையில் தமிழ் படிப்போர் பத்துப் பேர்கூட இருக்கமாட்டார்கள். பள்ளியின் பெயரும், ‘இரட்டையரில் மூத்தவள், அப்பா பேருந்து ஓட்டுநர்’ என்ற செய்தியும் இருந்தால் போதும். ஈசூனில் எவரும் அப்பிள்ளையை அடையாளம் கண்டுவிடுவர். சிறுபான்மைச் சமூகத்திற்குப் பெயரை மறைப்பது முகத்தை மறைப்பதாகாது. பெரும்பான்மைக்கென எழுதப்படும் விதிகள் இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

பிள்ளைகளின் கட்டுரைகளையும் படங்களையும் பெருமையோடு இணையத்தில் ஏற்றும் வழக்கத்தையும் எண்ணிப்பார்க்கலாம். பொதுவில் கிடைக்கும் தகவலுக்கு ஒப்புதல் பெறத் தேவையில்லை என்று தரவுப் பாதுகாப்புச் சட்டம் விலக்களிக்கிறது. 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டமோ, முறையாக அணுகக் கிடைக்கும் படைப்புகளைக் கணினிப் பகுப்பாய்வுக்காகப் படியெடுக்க அனுமதிக்கிறது. ஆகவே, ஏற்றிய நொடியிலேயே இரண்டு கதவுகளும் திறந்துவிடுகின்றன. படங்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. 2024 நவம்பரில் இங்குள்ள ஒரு பள்ளியில், மாணவிகளின் படங்களைக் கொண்டு செயற்கை நுண்ணறிவால் பொய்யான ஆபாசப் படங்கள் உருவாக்கப்பட்டுப் பரப்பப்பட்ட செய்தியைப் படித்து மனம் பதைத்தோம். அவை எவையும் அப்பிள்ளைகள் அந்தக் காரணத்திற்காக எடுத்துக்கொண்ட படங்கள் அல்ல.

இனி, என் மனத்தையே உறுத்தும் எதிர்வாதம் ஒன்று உண்டு. இப்படி ஒவ்வொன்றையும் பூட்டிவைத்தால் இயந்திரங்கள் தமிழை எங்கிருந்து கற்கும்? ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் இணையத்தில் தமிழ் மிகக் குறைவு. அதிலும் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் பேசும் தமிழ் இன்னும் குறைவு. அவர்களின் உச்சரிப்பை அறியாத செயலி, சரியாகப் பேசியதையும் பிழை என்கிறது. ‘ஏஐ சிங்கப்பூர்’ அமைப்பு 2023 டிசம்பரில் வெளியிட்ட ‘சீ-லயன்’ மொழி மாதிரியில் தமிழும் இடம்பெற்றது நமக்கெல்லாம் மகிழ்ச்சியளித்தது. அத்தகைய முயற்சிகளுக்குத் தமிழ்த் தரவு வேண்டும் என்பது உண்மை.

வழி இருக்கிறது; நம் சமூகமே அதைக் காட்டியும் இருக்கிறது. நாட்டின் பொன்விழாவையொட்டி 2015 ஆகஸ்டில் தேசிய நூலக வாரியத்தோடு இணைந்து தமிழ் மின்மரபுடைமைத் திட்டம் நிறைவேறியது. விடுதலைக்குப் பிந்தைய ஐம்பதாண்டுகளில் வெளிவந்த ஏறத்தாழ 350 சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் மின்வடிவம் பெற்றன. தொண்டூழியர்கள் உழைத்தனர், எழுத்தாளர்களின் இசைவு கேட்டுப் பெறப்பட்டது. கேட்டால் கொடுக்கும் சமூகம் இது. பெரியவர்கள் தம் குரலை அறிந்து கொடுக்கலாம். எழுத்தாளர்கள் தம் நூல்களைக் கொடுக்கலாம். பிள்ளைகளின் குரல் தேவைப்பட்டால் பெற்றோரிடம், ‘இதற்காகத்தான்’ என்று தெளிவாகச் சொல்லிக் கேட்கலாம். கேட்டுப் பெறுவதற்கும் சேவையை மேம்படுத்துவதாகச் சொல்லி எடுத்துக்கொள்வதற்கும் உள்ள வேறுபாடுதான் இக்கட்டுரை முழுவதும் நான் சொல்ல முயல்வது.

ஆகவே, செய்யத்தக்கவையாக எனக்குத் தோன்றுபவை மூன்று.

முதலாவது, 13 வயதுக்குக் கீழ்ப்பட்டோரின் எழுத்து, குரல், படம் ஆகியவற்றை இயந்திரப் பயிற்சிக்குப் பயன்படுத்துவதில் ‘வணிக மேம்பாடு’ விதிவிலக்கு செல்லாது என்று சட்டமே சொல்ல வேண்டும். வழிகாட்டி மட்டும் போதாது. கலந்தபின் பிரிக்க முடியாத ஒன்றுக்குக் கலக்கும் முன்னரே அனுமதி கேட்பதுதான் முறை.

இரண்டாவது, பள்ளிகளுக்குச் சேவை வழங்கும் வெளிநிறுவனங்களைப் பற்றியது. 2024 ஆகஸ்டில் ‘மொபைல் கார்டியன்’ என்ற சாதன நிர்வாகச் செயலியில் நிகழ்ந்த ஊடுருவலால், இங்கே 26 உயர்நிலைப் பள்ளிகளில் ஏறத்தாழ 13,000 மாணவர்களின் கற்றல் சாதனங்களிலிருந்து தரவு அழிந்தது. கல்வி அமைச்சு உடனே அச்செயலியை நீக்கியது. பள்ளியின் பொறுப்பு வெளியார் கைவழியாகவும் செல்கிறது என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது. பிள்ளைகளின் பதிவுகளை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம், பயிற்சிக்கு எடுக்கலாமா, கூடாதா என்பதை ஒப்பந்தம் சொல்ல வேண்டும்; பெற்றோருக்குப் புரியும் மொழியில், தமிழிலும், அது தெரிவிக்கப்பட வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசு அமைப்புகளுக்குப் பொருந்தாது. அவற்றிற்கு 2018ஆம் ஆண்டின் பொதுத்துறை ஆளுகைச் சட்டமும் உள்விதிகளும் உள்ளன. 2021இல் ‘டிரேஸ்டுகெதர்’ தரவுக்காக அரசு தன்னைத்தானே வெளிப்படையான சட்டத்தால் கட்டிக்கொண்டது. ஒரு நோய்க்காலத் தரவுக்குச் செய்ததை வகுப்பறைத் தரவுக்கும் செய்யலாம்.

மூன்றாவது நம்மைச் சார்ந்தது. ஆசிரியர்களே, உதவிக்கு இயந்திரத்தை நாடுவதில் இழிவில்லை. கல்வி அமைச்சு அமைத்துள்ள மாணவர் கற்றல் தளம் போன்ற வரையறைக்குட்பட்ட இடங்கள் இருக்கின்றன. வெளியே உள்ள பொதுச் செயலியைப் பயன்படுத்தினாலும் முழுக் கட்டுரையைக் கொடுக்க வேண்டியதில்லை. மாணவர்கள் வேற்றுமை உருபில் தவறுகிறார்களா? அத்தவற்றைக் காட்டும் வாக்கியத்தை நாமே புதிதாக எழுதிக் கொடுத்துப் பயிற்சித்தாள் கேட்கலாம். நான் அவ்வாறே செய்கிறேன். பிழையை மட்டும் கொடுத்தால் போதும். பிள்ளையின் வாழ்க்கையைக் கொடுக்க வேண்டியதில்லை. பெற்றோர்களே, ஒரு செயலியில் பிள்ளையைச் சேர்க்கும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எதற்காக எடுக்கிறீர்கள்? எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்? இதைக் கொண்டு உங்கள் இயந்திரத்திற்குக் கற்பிப்பீர்களா? மூன்றாவதற்கு நேரான விடை வரவில்லையென்றால், அப்பயிற்சியை வீட்டில் நீங்களே ஒரு படத்தைக் காட்டி, பிள்ளையைப் பேசவைத்துக் கொடுத்துவிடலாம். வாய்மொழிக்கு அதைவிடச் சிறந்த பயிற்சி இல்லை என்பது என் இருபதாண்டு அனுபவம்.

என் மாணவர்கள் வளர்ந்து வேலைக்குப் போகும் காலத்தில், அவர்களைப் பற்றி இயந்திரங்கள் என்னென்ன அறிந்திருக்கும் என்பதை இன்று யாராலும் சொல்ல முடியாது. ஒன்பது வயதில் தமிழ் வகுப்பில் எழுதிய ஒரு பக்கம் அவர்களைத் தேடி வராதிருக்கட்டும். அப்பக்கத்தை எழுதச் சொன்னவர்கள் நாம். அதற்குக் காவலர்களும் நாமே.